முதல் வேலை என்னன்னு சொல்லுங்க: பிசினஸ் டிபார்ட்மென்ட்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

காலேஜ்ல பிசினஸ் டிபார்ட்மென்ட் நடத்துற எச்ஓடிங்க, அட்மிஷன் டேபிள்ல உக்காந்து ப்ரோஷர் குடுக்குறவங்க, வெப்சைட்ல "கரியர் வாய்ப்புகள்" பக்கத்த எழுதுறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். நானும் பிசினஸ் படிச்சவன்தான், இப்ப ஒரு கம்பெனி ஃபைனான்ஸ் டீம்ல இருக்கேன், புதுசா வர்ற ஃப்ரெஷர்கள இன்டர்வியூ எடுக்குற வேலையும் வருஷா வருஷம் என் தலையிலதான் விழுது, அதனால நீங்க பட்டம் குடுத்து அனுப்புன பசங்கள உங்களுக்கு அடுத்து பாக்குற ஆள் நான்னு வச்சுக்கங்க.

இன்டர்வியூல நான் கேக்குற முதல் கேள்வி ரொம்ப சாதாரணமானது, என்ன வேலை செய்ய ஆசைப்படுறீங்க. பாதி பேர் சொல்ற பதில் "மேனேஜ்மென்ட்". சரி, யாரை மேனேஜ் பண்ணுவீங்க, எதை மேனேஜ் பண்ணுவீங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. மூணு நாலு வருஷம் படிச்ச பிள்ளை, நல்ல மார்க் வச்சிருக்கு, நல்லா பேசுது, ஆனா திங்கட்கிழமை காலைல ஆபீஸ் வந்து உக்காந்தா கையில என்ன வேலை இருக்கும்ங்கறது தெரியல. இதுல பிள்ளை மேல எனக்கு கோவமே இல்ல. உங்க ப்ரோஷர எடுத்துப் பாருங்க, கோட்டு போட்டவங்க கை குலுக்குறாங்க, பின்னாடி கண்ணாடி பில்டிங், கீழ "மேனேஜர், கன்சல்டன்ட், தொழில்முனைவோர், சிஇஓ". எதுவும் பொய் இல்ல, ஆனா எல்லாமே பத்து பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வர்ற வேலை. வீட்ட விக்க வந்தவர் மொட்டை மாடிய மட்டும் காட்டிட்டு, உள்ள எத்தனை ரூம்னு சொல்லாமப் போற மாதிரி இருக்கு.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். நீங்க நடத்துற ஒவ்வொரு ஸ்பெஷலைசேஷனுக்கும் அந்தப் பிள்ளை பாக்கப்போற முதல் வேலை என்ன, அதுல ஒரு நாள் எப்படி போகும், அதுக்கு டிகிரி மட்டும் போதுமா இல்ல வேற பரீட்சை எழுதணுமா, இத சேருறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மத்தத அதுவே யோசிச்சு முடிவெடுக்கும்.

"வேற எதுவும் கிடைக்காதவன் எடுக்குற கோர்ஸ்" ன்னு பிசினஸ கிண்டல் பண்றவங்களும் இத படிப்பாங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை. இது நேத்து முளைச்ச படிப்பு இல்ல, பாரிஸ்ல 1819லயே வணிகத்துக்குன்னு தனி உயர்கல்விப் பள்ளி வந்தாச்சு, அமெரிக்காவுல ஜோசப் வார்ட்டன் பணம் குடுத்து பென்சில்வேனியா யூனிவர்சிட்டிக்குள்ள வார்ட்டன் ஸ்கூல் ஆரம்பிச்சது 1881ல. இன்னிக்கு அமெரிக்காவுல வாங்குற இளங்கலைப் பட்டத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு பிசினஸ்தான். ஆனா ஈசியான கோர்ஸ்ங்கற கெட்ட பேரும் பழசுதான், அதையும் ஒத்துக்கணும். 1959ல ஃபோர்டு ஃபவுண்டேஷன், கார்னகி கார்ப்பரேஷன்னு ரெண்டு அமெரிக்க அறக்கட்டளைங்க தனித்தனியா ஆராய்ச்சி பண்ண வச்சு ரெண்டு ரிப்போர்ட் வந்துச்சு, ரெண்டுமே பிசினஸ் ஸ்கூல்ல பாடம் மேலோட்டமா இருக்கு, கணக்கும் ஆராய்ச்சியும் பத்தலன்னு போட்டுத் தாக்குச்சு. அதுக்கு அப்புறம்தான் புள்ளியியல், பொருளாதாரம், உளவியல் எல்லாம் சிலபஸ்ல பலமா ஏறுச்சு. பாடம் கனமாச்சு, சந்தோஷம், ஆனா படிச்சு முடிச்சவன் முதல்ல எங்க போய் உக்காருவான்ங்கறது மட்டும் மங்கலாவே இருக்கு.

அக்கவுன்டிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பிசினஸ் படிப்புலயே பாதை ரொம்பத் தெளிவா இருக்குறது அதுலதான், ஆனா பசங்க பயந்து ஓடுறதும் அதுலதான். லூகா பாச்சோலிங்கற இத்தாலிக்காரர் 1494ல வெனிஸ்ல அச்சுல போட்டு விளக்குன, ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு பக்கம் எழுதுற டெபிட் கிரெடிட் முறைதான் இன்னிக்கும் எல்லா சாஃப்ட்வேருக்கும் அடியில ஓடுது. முதல் வேலைன்னு பாத்தா, கம்பெனி பக்கம் போனா இன்வாய்ஸையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் ஒத்துப் பாக்குறது, நம்ம கணக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகுதான்னு பாக்குற பேங்க் ரீகன்சிலியேஷன், மாசக் கடைசியில கணக்க மூடுறது, அந்த நாலஞ்சு நாள் வீட்டுக்கு எப்ப போவோம்னு சொல்ல முடியாது. ஆடிட் பக்கம் போனா வவுச்சர் சாம்பிள் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் இருக்கான்னு தேடுறது, பேங்க்குக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் அனுப்புறது, வருஷக் கடைசியில ஏதோ ஒரு கிடங்குல நின்னு ஸ்டாக் எண்ணுறது. கேக்க சுவாரஸ்யமா இல்லதான், ஆனா ரெண்டு வருஷம் இத செஞ்சவனுக்கு ஒரு கம்பெனி எங்க சம்பாதிக்குது எங்க ஒழுகுதுன்னு உள்ளங்கை மாதிரி தெரிஞ்சுடும், அப்புறம் அவன் எந்த டிபார்ட்மென்ட்டுக்கு மாறுனாலும் அது கூடவே வரும்.

இந்தப் பாதையில டிகிரி பாதி வழிதான், மீதி தொழில்முறைப் பரீட்சை. அந்த உண்மைய அட்மிஷன் நாள்ல யாரும் வாயத் திறந்து சொல்றதே இல்ல. ஏசிசிஏன்னு பிரிட்டன்ல உள்ள அக்கவுன்டன்ட் அமைப்பு நடத்துற பரீட்சைய எடுத்துக்கங்க, மொத்தம் 13 பேப்பர், கூடவே 3 வருஷ வேலை அனுபவம் காட்டணும். சம்பந்தப்பட்ட டிகிரி இருந்தா ஆரம்பப் பேப்பர் 9 வரைக்கும் விலக்கு கிடைக்கலாம், ஆனா அது உங்க சிலபஸுக்கு அந்த அமைப்பு எவ்வளவு அங்கீகாரம் குடுத்திருக்குங்கறதப் பொறுத்தது. இங்கதான் கேக்குறேன், உங்க டிகிரிக்கு எத்தனை பேப்பர் விலக்குன்னு உங்க வெப்சைட்ல போட்டிருக்கீங்களா? ஒரு வரிதானே. அந்த ஒரு வரி பிள்ளையோட ரெண்டு வருஷத்த மிச்சம் பண்ணும். சிஎஃப்ஏன்னா 3 லெவல், அது முதலீட்டுப் பக்கம் போறவங்களுக்கு, ஆடிட்டர் ஆகணும்னு நினைக்கிறவன் அத எழுதி என்ன ஆகப்போகுது, ஆனா வித்தியாசம் தெரியாம ரெண்டுக்கும் சேர்ந்து கோச்சிங் போறவங்கள நான் பாத்திருக்கேன்.

அக்கவுன்டிங் எல்லாம் கம்ப்யூட்டர் செஞ்சுடும், இனிமே அத எவன் படிப்பான்னு பெத்தவங்க கேக்குறாங்கல்ல, அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். 2013ல ஆக்ஸ்ஃபோர்டுல ஃப்ரே, ஆஸ்போர்ன்னு ரெண்டு பேர் 702 தொழில எடுத்து எது கம்ப்யூட்டர்கிட்ட போகும்னு கணிச்சாங்க, அக்கவுன்டன்ட், ஆடிட்டர் வேலைக்கு 94 சதவீதம் வாய்ப்புன்னு போட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு அமெரிக்காவுல எழுந்த புலம்பல் என்னன்னா அக்கவுன்டிங் படிக்க ஆள் வரமாட்டேங்குதுன்னு! கணிப்ப நம்பி ஓடுனவங்கள நினைச்சா பாவமா இருக்கு.

கணக்கு வேலைய கம்ப்யூட்டர் எடுத்துக்குறது இதுக்கு முன்னாடியே ஒரு தடவை நடந்திருக்கு, அதையும் கிளாஸ்ல சொல்லலாம். டான் பிரிக்ளின்னு ஒருத்தர் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல எம்பிஏ படிக்கும்போது, ஒரு நம்பர மாத்துனா அதுக்கப்புறம் உள்ள எல்லா நம்பரையும் அழிச்சு அழிச்சு திருப்பி எழுத வேண்டியிருக்கே, இது தானா மாறுனா எப்படி இருக்கும்னு யோசிச்சாரு. பாப் ஃப்ராங்க்ஸ்டன் கூட சேர்ந்து 1979ல விசிகால்க்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேர வெளியில விட்டாங்க, இன்னிக்கு நாம எக்ஸெல்ல பண்றதுக்கெல்லாம் மூத்தது அதுதான். கையால கணக்கு எழுதுற கிளார்க் வேலை குறைஞ்சுது, உண்மைதான், ஆனா "விலைய இப்படி மாத்துனா என்ன ஆகும், ஆள கூட்டுனா என்ன ஆகும்" னு போட்டுப் பாத்து சொல்றவங்க வேலை பெருகுச்சு. இப்ப ஏஐ வந்ததுல எனக்கு உள்ள நிஜமான கவலை வேற, வேலை மொத்தமா போயிடும்ங்கறது இல்ல, ஃப்ரெஷர் உக்காந்து தொழில் கத்துக்குற அந்த அடிமட்ட வேலைதான் முதல்ல மெஷினுக்குப் போகுது. ரீகன்சிலியேஷன் பண்ணாமலே ஒருத்தனுக்கு ரீகன்சிலியேஷன் தப்புன்னு எப்படி கண்டுபிடிக்கத் தெரியும்? இதுக்கு எங்ககிட்டயும் முழு பதில் இல்ல. ஆனா நீங்க குடுக்குற அசைன்மென்ட்ல பாதியாவது மெஷின் போட்ட விடைய குடுத்து எங்க தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, அந்தப் பழக்கத்தோட வர்றவன எங்க டீம் கையோட எடுத்துக்கும்.

நேர்மை பத்தி ஒரு பேப்பர் வச்சிருக்கீங்க, கடைசி செமஸ்டர்ல, யாரும் சீரியஸா எடுக்குறது இல்ல. அத முதல் வேலையோட சேர்த்து நடத்திப் பாருங்க. வேர்ல்ட்காம்ங்கற அமெரிக்க டெலிபோன் கம்பெனியோட மோசடி 2002ல வெளிய வந்தப்ப, செலவ சொத்து மாதிரி காட்டி முதல்ல தெரிஞ்சதே 380 கோடி டாலர். மேல உள்ளவங்க சொன்னாங்கன்னு அந்த என்ட்ரிய போட்ட நடுமட்ட அக்கவுன்டிங் ஆளுங்களும் குற்றத்த ஒத்துக்கிட்டு கோர்ட்ல நிக்க வேண்டியதாச்சு. அதே கம்பெனியோட இன்டர்னல் ஆடிட் டீம்தான் யாருக்கும் தெரியாம ராத்திரில உக்காந்து சிஸ்டத்த தோண்டி அத கண்டுபிடிச்சது. ரெண்டு பக்கமும் உங்க மாதிரி காலேஜ்ல பிசினஸ் படிச்சவங்கதான் சார். சிஇஓ ஆனா என்ன முடிவெடுப்பீங்கன்னு 20 வயசுப் பையன்கிட்ட கேக்குறதுக்குப் பதிலா, உன் சீனியர் ஒரு என்ட்ரிய காரணம் சொல்லாம போடச் சொல்றாரு, என்ன செய்வ, யாருக்கு எழுதுவ, எதை சேமிச்சு வைப்பன்னு கேளுங்க.

ஃபைனான்ஸ்க்கு வருவோம். சேருற எல்லாருக்கும் கனவு, பெரிய கம்பெனிங்களுக்கு பணம் திரட்டிக் குடுக்குற இன்வெஸ்ட்மென்ட் பேங்க், அந்த சீட்டு உலகம் முழுக்கவே கொஞ்சம்தான், அதுவும் பெரிய பேர் உள்ள சில காலேஜ்ல இருந்துதான் பெரும்பாலும் எடுக்குறாங்க. நிறைய பேர் போய்ச் சேர்றது பேங்க்ல கடன் விண்ணப்பம் அலசுற வேலை, இன்சூரன்ஸ், இல்லன்னா எங்கள மாதிரி கம்பெனிக்குள்ள பட்ஜெட் போட்டு, மாசா மாசம் போட்டது என்ன நடந்தது என்னன்னு ஒப்பிட்டு, ஏன் வித்தியாசம்னு ரெண்டு வரி விளக்கம் எழுதுறது. அந்த ரெண்டு வரிதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி, நாலு டிபார்ட்மென்ட் ஆளுங்கள துரத்திப் பிடிச்சு கேட்டாதான் எழுத முடியும். அப்புறம், ஆப்ஷன்னு, அதாவது பங்க பின்னாடி ஒரு குறிச்ச விலைக்கு வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தத்துக்கு, விலை போடுற 1973ல வந்த பிளாக் ஷோல்ஸ் கணக்க போர்டு நிறைய எழுதி நடத்துறீங்க, நல்ல விஷயம், ஆனா அந்த மாதிரி கணித மாடல் போடுற குவான்ட் வேலைக்கு பெரும்பாலும் மேக்ஸ், பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களத்தான் எடுக்குறாங்கன்னு அதே கிளாஸ்ல சொல்லிடுங்க, ஆசை இருக்குறவன் ரெண்டாவது வருஷத்துலயே மேக்ஸ் பேப்பர் எடுத்துக்குவான்.

மார்க்கெட்டிங்னா பசங்களுக்கு விளம்பரப் படம்தான் ஞாபகம் வருது. 1931ல பிராக்டர் அண்ட் கேம்பிள்ல நீல் மெக்எல்ராய் ஒரு மெமோ எழுதுனாரு, ஒவ்வொரு சோப்பு பிராண்டுக்கும் அதுக்குன்னு ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும்னு, பிராண்ட் மேனேஜர்ங்கற வேலை வளர்ந்ததே அங்க இருந்துதான். அந்த மெமோல படம் எடுக்குறது பத்தி இல்ல, ஏரியா ஏரியாவா சரக்கு எங்க போகுது எங்க நிக்குது, ஏன்னு ஆராய்ச்சி பண்ணச் சொல்றதுதான் முக்கியமா இருந்துச்சு. இன்னிக்கும் முதல் வேலை அதுதான், ஆன்லைன் விளம்பரத்துல எந்த வரிக்கு ஆள் க்ளிக் பண்றான், ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு செலவு, க்ளிக் பண்ணவன் வாங்குனானான்னு டாஷ்போர்டு பாத்து ரிப்போர்ட் போடுறது. இல்லன்னா சேல்ஸ். இத ஏன் மறைக்கிறீங்கன்னு எனக்குப் புரியல. மார்க்கெட்டிங் படிச்ச எவ்வளவோ பேர் முதல்ல போறது சேல்ஸுக்குத்தான், டார்கெட்டு, போன் கால், "வேண்டாம்" னு பத்து பேர் சொன்னதுக்கு அப்புறம் பதினோராவது ஆளுக்கு அதே உற்சாகத்தோட பேசுறது. நல்ல வேலை அது, வாடிக்கையாளர் என்ன நினைக்கிறான்னு நேரா தெரியும், மேல ஏறவும் சீக்கிரம் வழி இருக்கு. ஆனா உங்க சிலபஸ்ல சேல்ஸுக்குன்னு ஒரு முழு பேப்பர் இருக்கா?

எச்ஆர் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். "எனக்கு ஆளுங்ககிட்ட பழகப் பிடிக்கும்" னு அத எடுக்குறாங்க, முதல் வருஷம் பழகுறது ஃபைலோடயும் ஷீட்டோடயும்தான், பேரோல், லீவு கணக்கு, இன்டர்வியூ டைம் ஃபிக்ஸ் பண்றது, சர்டிஃபிகேட் சரிபாக்குறது. தொழிலாளர் சட்டம் படிச்சவங்களுக்கு அங்க தனி மரியாதை.

எனக்கு ஓரவஞ்சனை இருக்குறது சப்ளை செயின் மேலதான், அதாவது மூலப்பொருள் வாங்குறதுல இருந்து சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பாத்துக்குற வேலை, அத ஒத்துக்கிறேன், நான் இருக்குறது ஃபைனான்ஸ்னாலும். ரொம்ப நாளா யாரும் கண்டுக்காத ஸ்பெஷலைசேஷன் அது. பேரே புதுசு, 1982ல கீத் ஆலிவர்னு ஒரு கன்சல்டன்ட் பயன்படுத்துனதுக்கு அப்புறம்தான் பரவுச்சு. விஷயம் பழசு, 1956 ஏப்ரல்ல மால்கம் மெக்லீன் ஒரு பழைய டேங்கர் கப்பல் மேல 58 கன்டெய்னர ஏத்தி நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்புனாரு, சரக்க மூட்டை மூட்டையா ஏத்தி இறக்குற செலவு அதோட சரிய ஆரம்பிச்சுது, இன்னிக்கு எந்த சாமானும் எங்கயோ செஞ்சு எங்கயோ விக்க முடியுதுன்னா அதுக்கு அந்தப் பெட்டிதான் பெரிய காரணம். 2021 மார்ச்சுல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டி 6 நாள் நின்னப்பதான் ஊர் உலகத்துக்கே இப்படி ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சுது. முதல் வேலைல என்ன செய்வாங்க? பர்ச்சேஸ் ஆர்டர் போடுறது, சப்ளையர துரத்துறது, எது எவ்வளவு இருக்கு எப்ப தீரும்னு பாக்குறது, அடுத்த மாசம் எவ்வளவு விக்கும்னு கணிக்கிறது.

நீங்க கிளாஸ்ல நடத்துன ஃபார்முலா அப்படியே வேலையில உயிரோட நிக்கிற இடம் இது. பிராக்டர் அண்ட் கேம்பிள்ல குழந்தைகளோட டயாப்பர் ஆர்டர பாத்தப்ப ஒண்ணு கவனிச்சாங்க, குழந்தைங்க உபயோகிக்கிறது ஒரே அளவாத்தான் இருக்கு, ஆனா கடையில இருந்து மொத்த வியாபாரி, அங்க இருந்து கம்பெனி, அங்க இருந்து மூலப்பொருள் சப்ளையர்னு பின்னாடி போகப் போக ஆர்டர் எகிறி எகிறி குதிக்குது. ஒவ்வொருத்தரும் கொஞ்சம் பயந்து கொஞ்சம் கூட கேக்குறாங்க, அது சேர்ந்து சேர்ந்து அலையாகிடுது, புல்விப் எஃபெக்ட்னு பேரு. இத புரிஞ்சுக்கிட்டு, கேள்வி கேட்டு ஆர்டர குறைக்கத் தெரிஞ்ச ஒரு ஃப்ரெஷர் கம்பெனிக்கு தன் சம்பளத்த விட பல மடங்கு மிச்சம் பண்ணிக் குடுக்க முடியும். இந்த மாதிரி வேலை இருக்குன்னு 18 வயசுல சொன்னா, கணக்கும் பிடிக்கும் ஆளுங்ககிட்ட பேசவும் பிடிக்கும்ங்கற பிள்ளைங்க தானா வருவாங்க.

பிசினஸ் அனலிடிக்ஸ்னு புதுசா போர்டு மாட்டியிருக்கீங்க, டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற எஸ்கியூஎல் மொழிய கையில எழுத வச்சீங்கன்னா நல்லது, ஸ்லைடுல மட்டும் காட்டாதீங்க, அவ்வளவுதான்.

பொதுவான "ஜெனரல் மேனேஜ்மென்ட்" மேஜர் பத்தி கொஞ்சம் கடுமையா சொல்லப்போறேன், மன்னிச்சுக்கங்க. வேலை அனுபவமே இல்லாத பிள்ளைக்கு அத மட்டும் தனியா குடுக்காதீங்க. பக்கத்துல ஒண்ண சேர்த்துக் குடுங்க, புள்ளியியல், ஒரு அந்நிய மொழி, உளவியல், சட்டம், ஆரோக்கியத் துறை, சுற்றுச்சூழல், எதுவா இருந்தாலும் சரி. பிசினஸும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் தெரிஞ்சவனுக்கு ஒரு முகவரி இருக்கு, வெறும் மேனேஜ்மென்ட் தெரிஞ்சவன எந்த டேபிள்ல உக்கார வைக்கிறதுன்னு எங்களுக்கே தெரியல. அதே மாதிரி கன்சல்டிங் கம்பெனிங்க இன்ஜினியரையும் டாக்டரையும் கூட எடுக்குறாங்க, பிசினஸ் படிச்சவனுக்குன்னு ஒதுக்கி வச்ச இடம் இல்ல அதுன்னும் சொல்லிடுங்க. இளங்கலை முடிச்ச கையோட எம்பிஏ போறவங்ககிட்டயும், முதல் வருஷத்துல பாதி பாடம் திரும்பி வரும், கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு போனா அதே பாடம் வேற மாதிரி புரியும்னு சொல்லலாம். அட்மிஷன் குறையும்னு பயப்படாதீங்க, திரும்பி வருவாங்க.

சொந்தத் தொழில்? அதுக்கு டிகிரி யாரும் கேக்க மாட்டாங்க, உண்மை. ஆனா கணக்குல லாபம் இருக்கும்போதே கையில காசு இல்லாம கடைய மூடுற நிலைமை எப்படி வருதுன்னு, கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட ஒழுங்கா படிச்சவனுக்கு முன்னாடியே தெரியும். அந்த ஒரு பாடத்துக்காகவே பிசினஸ் படிக்கலாம்னு நான் சொல்வேன்.

கடைசியா அந்த ப்ளேஸ்மென்ட் நம்பர். "100 சதவீதம்" னு போடுறீங்களே, எத்தனை பேர் படிச்சாங்க, அதுல எத்தனை பேர் ப்ளேஸ்மென்ட்டுக்குப் பேர் குடுத்தாங்க, எதை வச்சு வகுத்தீங்க? ஒரே ஒருத்தனுக்கு பெரிய சம்பளம் கிடைச்சா அத பேனர்ல போடுறீங்க, சராசரியும் அவன் பின்னாடியே ஏறிடும், நடுவுல நிக்கிற பிள்ளைக்கு என்ன கிடைச்சதுன்னு மீடியன் போடுங்க, நீங்கதானே முதல் வருஷ புள்ளியியல் கிளாஸ்ல மீடியன் ஏன் வேணும்னு சொல்லிக் குடுத்தீங்க. எம்பிஏ ஸ்கூலுங்களுக்கு இதுக்குன்னே பொதுவான ஒரு விதிமுறை இருக்கு, படிச்சு 3 மாசத்துல எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் தேடிக்கிட்டு இருக்காங்க, எத்தனை பேரோட தகவல் இல்லன்னு தனித்தனியா காட்டணும். இளங்கலைக்கும் அதே மாதிரி போட யார் தடுக்குறாங்க?

அடுத்த அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு பக்கம் போதும். போன வருஷம் முடிச்ச பிள்ளைங்களுக்கு போன் போட்டு, இப்ப என்ன வேலை, நேத்து முழுக்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டு அப்படியே போடுங்க, வேலை கிடைக்காதவங்க சொன்னதையும் சேர்த்து. கெஸ்ட் லெக்சருக்கு டைரக்டர், வைஸ் பிரசிடென்ட்டுன்னு தேடித் தேடி கூப்பிடுறத கொஞ்சம் நிறுத்தி, வேலைல சேர்ந்து ஒரு வருஷம் ஆன ஆள கூப்பிடுங்க. எங்க டீம்ல இருந்து நானே அனுப்புறேன், நல்லா பேசுவாங்க, எதையும் மறைக்க மாட்டாங்க. ஒரே கண்டிஷன், மாசக் கடைசியில மட்டும் தேதி வைக்காதீங்க, அப்ப எங்கள்ல யாராலயும் சீட்ட விட்டு எந்திரிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள்ட்ட படிச்சவங்களோட வேலை பாக்குற ஒருத்தன்